வேலில் குத்திய நான்கு பெயர்கள்

கீழே விழுந்தது என் மகள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆடிக் கிருத்திகை மலரில் ஒருவன் அனுபவம் எழுதினால், தன் பிள்ளை பிழைத்த கதையைச் சொல்லப்போகிறான் என்றுதான் நினைப்பீர்கள்.

விழுந்தது வேறொருத்தி பெற்ற பெண். என் மகள் உதைத்த உதையில் விழுந்தாள். திருப்பதியில், சுற்றிலும் ஜனம் உட்கார்ந்திருந்த ஸ்டேடியத்தில், நீல நிற ரப்பர் மேட் மேல் கண் மூடிக் கிடந்தாள். பதினாறு வயசு. எழுந்துகொள்ளவில்லை. அவள் எழுந்துகொள்ளக் கூடாது என்று முந்தின நாள்தான் முருகனிடம் கேட்டுக்கொண்டு வந்தேன் நான்.

காவடிக் குழுவில் இருபது வருஷமாக உங்களோடு நடக்கிறேன். நகரியில் தணிகாசலம் என்றால் தெரியாதவர்கூட, கோபக்காரத் தணிகா என்றால் வீட்டைக் காட்டிவிடுவார். நாலு பவர்லூம் ஓட்டுகிறேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, மெதுவாகப் பேசுவது எப்படி என்றே எனக்கு மறந்துபோய்விட்டது என்று என் மனைவி சுலோச்சனா சொல்வாள். பாவம், தறி மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றுகிறாள்.

மகள் பெயர் லாவண்யா. இன்டர் முதல் வருஷம், அதாவது பிளஸ் ஒன். ஆறு வருஷமாக எங்கள் ஊர் கிளப்பில் டேக்வாண்டோ கற்றுக்கொள்கிறாள். காலால் உதைத்துப் புள்ளி எடுக்கிற சண்டை. கிளப் என்றதும் பெரிசாக நினைக்க வேண்டாம். ஒரு பள்ளிக்கூட மைதானம், கிழிந்த நாலு மேட், பதினோரு பிள்ளைகள், அவர்களைக் கட்டி மேய்க்கிற குமார் மாஸ்டர். அவ்வளவுதான்.

திருப்பதிக்கு முந்தின வருஷம் சித்தூரில் ஒரு போட்டி. ஒரே ஒரு புள்ளியில் லாவண்யா தோற்றாள். நான் தடுப்பைத் தாண்டிக் குதித்து நடுவரின் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டேன். நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். மாஸ்டர் எனக்காகக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். லாவண்யா ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் பேசினாள், "சோறு போட்டு கீது, துன்னு" என்று.

அதனால் போன வருஷம் ஆனி மாதம் திருப்பதியில் தேசியப் போட்டி என்று தெரிந்ததும் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்.

"நைனா, நீ வரலாம். ஆனா வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தேன்னா நான் மேட்ல இருந்து எறங்கிப் பூடுவேன்."

என் கையை அவள் அம்மா தலைமேல் வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் பண்ணினேன். ஆனால் என் குறுக்குப் புத்தி சும்மா இருக்குமா? மனுஷர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே சத்தியம், முருகனிடம் திறக்கலாமே என்று நினைத்தேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் யாராவது படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். எங்கள் தெரு பஜனை மண்டபத்தில் ஒரு வேல் இருக்கிறது. கஷ்டம் வந்தால் அதை ஒரு காகிதத்தில் எழுதி, எலுமிச்சம்பழத்தில் சுற்றி, வேலின் முனையில் குத்தி வைப்போம். கடன், மூட்டுவலி, குடி, கோர்ட்டுக் கேஸ் என்று எழுதுவோம். மனுஷர் பெயரை எழுதுவதில்லை. எழுதக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அப்படி ஒருவன் எழுதுவான் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் விஷயம்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் எல்லாரும் எடை கொடுக்கத் திருப்பதிக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் யார் யாரோடு மோத வேண்டும் என்கிற பட்டியல் வாட்ஸப்பில் வந்தது. லாவண்யாவின் எடைப் பிரிவில் தங்கம் வாங்க நாலு பேரை ஜெயிக்க வேண்டும். முதலில் இவள், அடுத்து அநேகமாக இவள், அப்புறம் இவள், கடைசியில் ஹரியானாக்காரி என்று மாஸ்டர் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். நாலு பெயரையும் எழுதிக்கொண்டேன். கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்த நேரம். மண்டபத்தில் ஆள் இல்லை. காகிதத்தைப் பழத்தில் சுற்றி வேலில் குத்தினேன். சாறு என் மணிக்கட்டில் வழிந்தது.

"முருகா, என் பொண்ணு எதிர்ல நிக்கிறவ எவளும் எழுந்து நிக்கக் கூடாது" என்று சொன்னேன். இந்த வார்த்தைதான். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நல்ல காரியம் செய்தவன்போல வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன்.

சனிக்கிழமை காலை புத்தூர் வழியாக பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். ஸ்டேடியத்துக்குள் ஒரே கூச்சல். எங்கள் கிளப் பிள்ளைகள் ஒரு மூலையில் பையும் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். ரஃபி என்கிற பையன், எதிராளி இல்லாமல் அசைவுகளை மட்டும் தனியாகச் செய்துகாட்டுகிற போட்டியில், பயத்தில் இடப்பக்கம் திரும்புவதற்குப் பதில் வலப்பக்கம் திரும்பி, நடுவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டானாம். தேம்பித் தேம்பி அழுதுகொண்டே இரண்டு தட்டுப் பொங்கலைக் காலி பண்ணிக்கொண்டிருந்தான்.

லாவண்யாவின் முதல் ஆட்டம். எதிராளி வரவில்லை. நல்ல காய்ச்சலாம், வாந்தியாம், தங்கின இடத்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லையாம். லாவண்யா ஜெயித்ததாக அறிவித்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதல் பெயர்.

இரண்டாவது, கேரளாப் பொண்ணு. நன்றாக ஆடினாள். இரண்டாவது ரவுண்டில் கால் ஊன்றும்போது கணுக்கால் மடங்கியது. அவளுடைய கோச் தூக்கிக்கொண்டு போனார். அப்போதே எனக்குப் பயம் வந்தது. பயம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. முருகன் வரிசை தவறாமல் செய்கிறான் என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் இருப்பது அன்று எனக்குக் கஷ்டமாகவே இல்லை.

மூன்றாவது, மௌனிகா. பங்காருபாளையம். நம் சித்தூருக்குப் பக்கத்துப் பொண்ணு. அவள் அம்மா எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை, பெயர் ரமணம்மா. இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது அவர் விரல்கள்தான். மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்துப்போன விரல்கள். அந்தக் கையைத் தட்டித் தட்டி, "கொட்டு மௌனிகா, கொட்டு" என்று தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார். அடி, அடி என்று அர்த்தம். நான் கத்த வேண்டிய கத்தலை அவர் கத்துகிறாரே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மௌனிகா இரண்டு புள்ளி முன்னால் இருந்தாள். ரவுண்டு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். லாவண்யா முதுகைக் காட்டுவதுபோல் திரும்பினாள். சுழன்று வந்த குதிகால் மௌனிகாவின் தலையில் பட்டது. தலையில் கவசம் இருந்தது. இருந்தும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கையைக்கூட ஊன்றவில்லை. நின்ற வாக்கில் பின்பக்கமாகச் சாய்ந்து, பின்மண்டை மேட் மேல் இடிக்க விழுந்தாள்.

நடுவர் குனிந்து விரலை நீட்டிக் கொரிய பாஷையில் எண்ண ஆரம்பித்தார். ஹனா, தூல், செத். வீட்டில் லாவண்யா பழகும்போது கேட்டுக் கேட்டு எனக்கும் பத்து வரை மனப்பாடம். ஆறு வரை எண்ணினார். ஆறுக்கு மேல் எண்ணாமல் டாக்டரைப் பார்த்துக் கையை வீசினார்.

எனக்கு முன்னால் அந்த அம்மாவின் கை தட்டுகிற பாதியில் நின்றிருந்தது. நான் எழுந்தேன். முருகா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நாலு தறி ஓடும்போதும் தெருக்கோடி வரை கேட்கிற என் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. நான் கேட்டேன், அவன் கொடுத்துவிட்டான். அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. நடுவர் லாவண்யா பக்கமாகக் கையை உயர்த்தி அவள் ஜெயித்ததாகக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. கீழே கிடந்தவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்ட்ரெச்சரில் எடுத்துப் போனார்கள். ரமணம்மா ஒற்றைச் செருப்போடு ஆம்புலன்ஸில் ஏறினார். மாஸ்டரிடம் லாவண்யாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். ஏன் போகிறேன் என்று மாஸ்டர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கிறது, சாயந்தரம் வரை பார்ப்போம், நினைவு வராவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னார். ரமணம்மா வராண்டாவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் இல்லை. பஸ்ஸில் மகளோடு தனியாக வந்தவர். நான் சுவரோரமாக நின்றேன். என் நெற்றியில் விபூதி, கழுத்தில் வேல் டாலர். அவர் நிமிர்ந்து பார்த்துத் தெலுங்கில் சொன்னார்.

"அண்ணா, உங்கள பாத்தா சாமி கும்புடறவர் மாதிரி தெரியுது. எம் பொண்ணுக்காகக் கேளுங்கண்ணா. உங்கள மாதிரி ஆளுங்க கேட்டா சாமி கேக்கும்."

என்னை நடுவரிடமிருந்து நாலு பேர் பிய்த்து இழுத்தபோதுகூட எனக்கு அப்படிக் கூசவில்லை. வெளியே ஓடிவந்து சுலோச்சனாவுக்குப் போன் போட்டேன். மண்டபத்துக்குப் போய் வேலில் இருக்கிற பழத்தை எடு என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். 

"நீ இன்னா மனுஷன்யா" என்றாள். திட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோல் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

கால் மணி நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "பழத்த எடுத்துட்டேன். வேலைக் கழுவிக்கினு கீறேன். பால் அபிஷேகம் பண்ணி அர்ச்சனை பண்ணணும். அந்தப் பொண்ணு நட்சத்திரம் கேட்டுச் சொல்லு."

"எப்டி போய்க் கேப்பேன்?"

"பேரு மட்டும் எழுதத் தெரிஞ்சுது இல்ல? இப்ப நட்சத்திரத்தையும் கேளு."

திரும்பி உள்ளே போனேன். ரமணம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பாப்பா பேரில் அர்ச்சனை பண்ணணும், நட்சத்திரம் என்னம்மா என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"கிருத்திகை அண்ணா."

முருகனுடைய நட்சத்திரம். அவன் நட்சத்திரத்தில் பிறந்த குழந்தையை, அவன் வேலிலேயே குத்தி, எழுந்திருக்கக் கூடாது என்று அவனிடமே கேட்டிருக்கிறேன்.  வெளியே போய்ப் போனில் சொன்னேன். சுலோச்சனா அதைக் கேட்டு "ஐயோ" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள். எங்கள் தெருவில் அன்று தறிகளை நிறுத்திவிட்டுப் பெண்கள் மண்டபத்துக்குப் போனார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை. ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

நான் ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் நிற்கிற இடத்தில் நின்று வேண்டினேன். அழகாக எல்லாம் வேண்டவில்லை. நேற்று கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், அது வேண்டாம், அது வேண்டாம் என்று அதையே சொன்னேன். நாக்கு வறண்டுபோனது. சொல்வதை நிறுத்தப் பயமாக இருந்தது.

மூன்று மணிக்கு லாவண்யா வந்துவிட்டாள். வெள்ளை உடுப்பை மாற்றக்கூட இல்லை. பின்னாலேயே மாஸ்டரும் மொத்த கிளப்பும். நாலு மணிக்கு ஃபைனல். ஆடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பங்காருபாளையம் கிளப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு கிளப்பும் கலந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, அவரவர்க்குத் தெரிந்த சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரஃபி இரண்டு கையையும் விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

லாவண்யா என் பக்கத்தில் வந்து, "நைனா, இனிமே நான் காலத் தூக்க மாட்டேன்" என்றாள்.  அந்தப் பாரத்தை அவள் தலையில் விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், காகிதம், பழம், நான் கேட்ட வார்த்தை. இது உன் கால் செய்தது இல்லை கண்ணு, நான் செய்தது என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. அப்புறம் சொன்னாள்.

"அது என் கால்தான் நைனா. ரெண்டு வருஷம் பழகுன உதை. அவ கைய எறக்குனா, நான் அடிச்சேன். அதுக்கும் உன் பழத்துக்கும் சம்பந்தம் இல்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா நீ எழுதுனது எழுதுனதுதான். அது வேற."

அவள் சொன்னது சரியா, நான் பயந்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முருகனுக்குத் தெரியும். அவள் சொன்ன இரண்டாவது விஷயம் மட்டும் சத்தியம்.

நாலரை மணி இருக்கும். நர்ஸ் வெளியே வந்து மௌனிகா அம்மா யார் என்று கேட்டார்.  லாவண்யாவும் நானும் ரமணம்மாவை ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம். உள்ளே போனவர் இரண்டு நிமிஷத்தில் ஓடிவந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"ஆகலி அண்ட்டாந்தி" என்றார். பசிக்குது என்கிறாளாம்.

முதலில் எடை குறைக்க வேண்டும் என்றும் அப்புறம் ஆட்டத்துப் பயத்திலும் வியாழக்கிழமையிலிருந்து அந்தப் பொண்ணு சரியாகச் சாப்பிடவில்லையாம். கண் திறந்ததும் அம்மாவைப் பார்த்து முதலில் கேட்டது சோறு. இப்போது கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு அவரையே முறைத்தாளாம். வாசற்படியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன். எந்தத் திசையில் விழுந்தேன் என்றுகூடத் தெரியவில்லை. மூன்றாம் நாள் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கசிவு கூடவில்லை, மருந்திலேயே கரைந்துவிடும் என்றார்கள். புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷம் சண்டை ஆடக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

இதோடு முடித்திருந்தால் நல்ல அனுபவக் கட்டுரைதான். முடிக்க முடியாது.

ரமணம்மா அந்த வராண்டாவில் உட்கார்ந்து ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். மகள் பிழைத்தால் திருத்தணிக்குப் பால்குடம் எடுப்பதாக. அதனால் அடுத்த மாதம் ஆடிக் கிருத்திகைக்கு மௌனிகாவோடு நகரிக்கே வந்து நம் குழுவில் சேர்ந்துகொண்டார். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். மண்டபத்திலிருந்து நாம் பத்து மணிக்கே கிளம்ப வேண்டியது, பன்னிரண்டு ஆயிற்று என்று என்னைத் திட்டினீர்கள். ஏன் தாமதம் என்று இப்போது சொல்கிறேன்.

அன்று காலை சுலோச்சனா என் காவடியைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மாகிட்ட சொல்லிட்டுத் தூக்கு" என்றாள். மண்டபத்தின் பின்பக்கம் ரமணம்மாவை உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகள் பெயரை நான் எழுதியதை, குத்தியதை, எழுந்திருக்கக் கூடாது என்று கேட்டதை. உங்க மாதிரி ஆள் கேட்டால் சாமி கேட்கும் என்று நீங்கள் சொன்னபோது நான் யாராக நின்றேன் என்பதையும். தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கறுத்த கை என் கன்னத்தில் விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

அவர் பால்குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"அந்தக் காகிதத்துல இன்னும் மூணு பேர் இருந்துதே அண்ணா. அந்தப் பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

 சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு மாதத்தில் ஒரு தடவைகூட நான் அதை நினைக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவள் எழுந்தாளா, கணுக்கால் மடங்கியவள் நடக்கிறாளா, ஒன்றும் தெரியாது. என் கண் முன்னால் விழுந்தவளுக்காகத்தான் நான் அழுதேன். மற்றவர்கள் எனக்கு இன்னும் பட்டியலில் இருக்கிற பெயர்களாகவே இருந்தார்கள். பெற்றவளுக்குத் தன் பிள்ளை ஞாபகம் மட்டும் இருந்திருந்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? அவருக்கு மற்ற மூன்று பேர் ஞாபகமும் இருந்தது. ஸ்டேடியத்தில் வந்த அதிர்ச்சியைவிட இதுதான் எனக்குப் பெரிது.

மாஸ்டரை வரவழைத்தேன். அவர் கோச்களைப் பிடித்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, அர்ச்சனைக்காக நட்சத்திரமும் கேட்டார். முதல் பொண்ணுக்கு டைபாய்டு. மூன்று வாரம் படுத்திருந்துவிட்டு இப்போது பள்ளிக்கூடம் போகிறாளாம். கேரளாப் பொண்ணு கட்டு பிரித்து நடக்கிறாள். ஹரியானாப் பொண்ணு தங்க மெடலோடு சௌக்கியம். அவள் அப்பாவிடம் நட்சத்திரம் கேட்டதற்கு, தெரியாது, பிறந்த தேதி சொல்கிறேன் என்றார். மாஸ்டர் அதைப் போனில் போட்டு ரோகிணி என்று கண்டுபிடித்தார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அந்த அப்பா கேட்டார். அவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொல்லச் சொல்ல மாஸ்டர் இந்தியில் மாற்றிச் சொன்னார்.  முழுக்கக் கேட்டுவிட்டு, நல்லபடியாகக் கும்பிட்டு வாங்க என்றார்.

மூன்றாவது போனும் முடிகிற வரை ரமணம்மா குடத்தைத் தூக்கவில்லை. முடிந்ததும் முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "தூக்குங்க அண்ணா, வெயில் ஏறுது" என்றார். அன்று நகரியிலிருந்து திருத்தணி வரை அவருக்குப் பின்னால்தான் நடந்தேன்.

இப்போது மாதாமாதம் கிருத்திகையன்று நாலு பேர் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை பண்ணுகிறேன். கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போய்விட்டது என்று எழுதினால் சுலோச்சனா இந்த மலரைக் கிழித்துப்போடுவாள். லாவண்யா மறுபடி காலைத் தூக்கிவிட்டாள். மௌனிகா நம் ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறாள், நன்றாகவே சாப்பிடுகிறாள்.

உங்களுக்கும் ஏதாவது ஒரு கஷ்டம் இருக்கும். தயங்காமல் அவனிடம் போய்க் கேளுங்கள். அவன் கேட்கிறான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால்தான் இதை எழுதவே பயமாக இருக்கிறது. வேலுக்கு முன்னால் நின்று இன்னொருவர் பெயரைச் சொல்வதாக இருந்தால், முதலில் அவர்களிடம் போய் நட்சத்திரம் என்னவென்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.